கிணற்றடிக்கு ஒரு இங்கிலீஷ் போர்டு

அன்று சாயங்காலம் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே முடிவு கட்டிவிட்டேன். இனிமேல் என்னைக் கேட்காமல் என் வீட்டுக்குள் ஒரு ஈ, காக்கை நுழையக் கூடாது. ஈ, காக்கை கூடப் பரவாயில்லை. அவை நான் குளிப்பதைப் போய்க் கம்பெனியில் சொல்வதில்லை.

என் பெயர் கிறிஸ்துதாஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை முடிகிற வரைக்கும் கிறிஸ்துவுக்கு தாஸ். மற்ற நேரமெல்லாம் ஹில்டாவுக்கு தாஸ். ஹில்டா என் மனைவி. அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு, போல்ட்டு செய்கிற ஒரு கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு உள்ளே நான். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பார்த்து, பிந்தி வந்தவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் லேட் போடுவது என் உத்தியோகம். தூரத்தில் நடந்து வருகிறவன் என் ஜன்னலைப் பார்த்ததும் ஓட ஆரம்பிப்பான். அவ்வளவு பயம். அதாவது, ஒரு காலத்தில் இருந்தது.

பயம் போனதற்குக் காரணம் என் வீடு. திருமுல்லைவாயிலில் மனை வாங்கியபோது, "முன்னாலயும் வழி, பின்னாலயும் வழி, ராஜயோகம் சார்" என்றான் புரோக்கர். யாருக்கு ராஜயோகம் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். முன்கேட்டைத் திறந்தால் காலனி. பின்கேட்டைத் திறந்தால் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற பாதை. நடுவில் வீடும் கிணறும். காலனியைச் சுற்றிக்கொண்டு போனால் ரயில் போய்விடும். என் வீட்டுக்குள் புகுந்து போனால் ரயில் கிடைக்கும். விஷயம் காலனி பூராவும் பரவிவிட்டது.

காலையில் முன்கேட்டில் நுழைவார்கள். கிணற்றைச் சுற்றி வருவார்கள். சமையலறை ஜன்னலைப் பார்த்து "வரேங்கா" என்று ஹில்டாவுக்கு ஒரு சத்தம் கொடுப்பார்கள். பின்கேட் வழியாக ஓடிவிடுவார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருப்பேன். பாத்ரூம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில் ஹில்டாவின் கோழிகள் இருக்கின்றன.

"கோழிங்கள வேற எங்கயாவது மாத்தக்கூடாதா ஹில்டா?"

"அதுங்க முட்டை போடுதுங்க. நீங்க உள்ள போய் இன்னா போடப்போறீங்க?"

சோப்பு போடுவேன் என்றேன். எடுபடவில்லை.

இதெல்லாம் பழகிப்போன விஷயம்தான். அன்றைக்கு நடந்ததுதான் பொறுக்க முடியவில்லை. கடைசல் மெஷினில் வேலை பார்க்கும் வேம்புலி அன்று நிதானமாக, பல்லைக் குத்திக்கொண்டே கேட்டுக்குள் வந்தான். எங்கள் காலனிக்காரன்தான். நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

"வேம்புலி, லேட்."

"யாரு சார், நானா? நீ தலைக்கு சீக்காய் தேச்சுக்கினு இருந்தப்போ நான் உன் ஊட்ட தாண்டிக்கினு இருந்தேன். நான் போனப்புறம்தான் நீ தலையே தொட்ச்சிருப்பே. பின்னால வந்த நீ லேட் இல்லன்னா, முன்னால போன நான் எப்டி லேட்டு?"

"நடுவுல டீக்கடையில உக்காந்துட்டியே."

"அது வேற கதை சார். கெளம்பனதுல நான்தானே பஸ்ட்டு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிலே ஒருத்தன், "சாருக்கு முதுகுல தேமல் கீதாமே, எங்க மாமன் ஊட்டாண்ட ஒரு களிம்பு கெடைக்குது சார்" என்றான். என் தேமல் எனக்கும் ஹில்டாவுக்கும் மட்டுமே தெரிந்த குடும்ப விஷயம் என்று நினைத்திருந்தேன். இப்போது மூன்று ஷிப்டுக்கும் தெரிந்திருக்கிறது. முதுகில் தேமல் இருப்பவன் போட்ட லேட்டை எவன் மதிப்பான்?

பட்ட காலிலே படும் என்பார்கள். எங்கள் பர்ஸனல் ஆபீஸர் வரதன் சார் போன வாரம் எங்கள் காலனிக்கே குடிவந்துவிட்டார். அவருக்கும் யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள். கண்ணில் சோப்போடு உட்கார்ந்திருக்கிறேன், "தாஸ், ஓவர்டைம் விவரம் ரெடியா?" என்று ஒரு குரல். அடித்துப் பிடித்து எழுந்து, குரல் வந்த பக்கம் என்று நினைத்து, கிணற்றைப் பார்த்து "குட் மார்னிங் சார்" என்றேன்.

போதும். மனிதனுக்கு ஒரு எல்லை உண்டு. வீட்டுக்கும் ஒன்று வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அறிவித்தேன். ஹில்டா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் வாங்கி வந்த நெத்திலி. பஞ்சவர்ணம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கப் போகிறவள். தினமும் எங்கள் வழியாகப் போகும்போது ஹில்டாவிடம் கேட்டுக்கொண்டு போவாள், வரும்போது அம்பத்தூர் மார்க்கெட்டில் மீன் வாங்கி வருவாள். ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறது என்ற சேதி ஒருத்தர் கொண்டுவருவார். அரிவாள்மணை மழுங்கினால் வேம்புலி எடுத்துப்போய்ச் சாணை பிடித்து வருவான். எங்கே பிடிக்கிறான் என்று ஒருநாள் கேட்டேன். கம்பெனியிலாம். என் ஜன்னலைத் தாண்டித்தான் அது போய் வந்திருக்கிறது. இப்படி அவளுக்கு வேலை செய்கிற கூட்டம் என் கம்பெனியில் இருக்கிற கூட்டத்தைவிடப் பெரிது. அதனால் பெரிய சண்டை வரும் என்று தயாராகப் போனேன்.

"நாளையிலேர்ந்து நம்ம வீட்டு வழியா ஒருத்தரும் போகக்கூடாது. கேட்ல போர்டு வைக்கப்போறேன்."

"நல்லதுதாங்க" என்றாள் ஹில்டா.

நான் ரயிலில் யோசித்து வைத்திருந்த பதில்களெல்லாம் வீணாகிப் போயின. இவ்வளவு சுலபமாக நான் எதிலும் ஜெயித்ததில்லை. உற்சாகம் தாங்கவில்லை. பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தமிழ்ல எழுதுவீங்களா?"

"தமிழ்லயா? நீ புரியாம பேசற. 'உள்ளே வராதே'ன்னு தமிழ்ல எழுதினா சண்டைக்கு வருவான். அதையே இங்கிலீஷ்ல எழுதினா செருப்பைக் கழட்டிட்டு நிப்பான். தமிழ்ல சொன்னா நான் சொல்றேன். இங்கிலீஷ்ல சொன்னா கவர்மெண்ட் சொல்லுது."

"அதுவும் சரிதான். இன்னா எழுதப்போறீங்க?"

"நோ என்ட்ரி. அடிச்சா மாதிரி ரெண்டே வார்த்தை."

"அது பஸ்சுக்கு எழுதறதாச்சே. இந்தப் பக்கம் நோ என்ட்ரின்னா அந்தப் பக்கம் ஒன்வேன்னு நெனைப்பாங்க. காலைல வர்றவங்க நிப்பாங்க. சாயங்காலம் ஸ்டேஷன்லேர்ந்து வர்றவங்க பின்கேட்டுல பூந்து முன்கேட்டுல போய்க்கினே இருப்பாங்க."

உண்மைதான். தாளில் எழுதியதை அடித்தேன். என்னிடம் சரக்கா இல்லை?

"அப்ப ப்ரொஹிபிடெட். சட்டம் போட்டுத் தடுக்கறதுன்னு அர்த்தம்."

"ஸ்டேஷன் சொவத்துல எச்சி துப்பறதுக்கு எழுதிகீதே, அதா?"

"அதே."

"அதுக்கு நேர் கீழதானே எல்லாரும் துப்பறாங்க. வேற எடத்துல துப்பலாம்னு போறவன்கூட அதைப் பாத்துட்டு வந்து துப்பறான். கெணத்தாண்ட அது வேணாங்க."

அடித்தேன். "ஃபர்பிடன்" என்றேன், குரலைத் தாழ்த்தி. "இது சாதாரண வார்த்தை இல்ல. கடவுளே கூடாதுன்னு சொல்றதுக்கு வச்சிருக்கற வார்த்தை. ஏதேன் தோட்டத்துப் பழம் இருக்குல்ல, அதுக்கு இதுதான் பேரு."

ஹில்டா நெத்திலியிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தாள். "அங்க இருந்ததே ரெண்டு பேரு. சொன்னது கடவுளு. அப்பவே கேக்கல. இங்க காலனியே கீது. சொல்றது நீங்க."

அடித்தேன்.

"பேன்" என்றேன்.

"தலையிலயா?"

"இங்கிலீஷ் பேன். இதுவரைக்கும் நடந்ததை நிறுத்தறது."

"இதுவரைக்கும் நடந்தது சரிதான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடாது? நாளைக்கு எவனாவது வழிப்பாத்தியம் கீதுன்னு கோர்ட்டுக்குப் போனா, இந்த போர்டையே கழட்டிக்கினு போவான்."

எனக்கு வேர்த்துவிட்டது. நல்ல வேளை, எழுதித் தொலைக்கவில்லை. ஆனால் கோர்ட் என்றதும் என் மூளையில் பல்பு எரிந்தது. உட்கார்ந்து சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது. எழுந்து நின்றேன்.

"ட்ரெஸ்பாஸர்ஸ் வில் பி ப்ராஸிக்யூடெட்."

"எம்மாம் நீளம்" என்றாள் ஹில்டா. முகத்தில் பக்தி தெரிந்தது. "அப்டின்னா?"

"அத்துமீறி உள்ள வர்றவன் மேல கேஸ் போடுவோம்."

"வரதன் சார் மேலயுமா?"

உட்கார்ந்தேன்.

"இன்னொண்ணும் கீதுங்க. கோயில்ல நீங்க பரலோக மந்திரத்தை இங்கிலீஷ்ல சத்தமா சொல்வீங்களே. அதுல எங்ககிட்ட ட்ரெஸ்பாஸ் பண்றவங்கள நாங்க மன்னிக்கிறோம்னு வருதுன்னு நீங்கதானே எனக்கு அர்த்தம் சொன்னீங்க. பீடத்தாண்ட மன்னிக்கிறோம், கேட்டாண்ட கேஸ் போடறோமா? ஃபாதர் ஒருநாள் ஊடு மந்திரிக்க வந்தாருன்னா மூஞ்ச எங்க வச்சுக்கறது?"

மனைவிக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று அப்போதுதான் தெரிந்தது. காலண்டர் தாளில் இடமே இல்லை. எல்லாம் அடித்தல். ஓரத்தில் கடைசியாக "நாட் அலவ்ட்" என்று சின்னதாக எழுதினேன்.

"யாரு அலவ் பண்ணலன்னு கேப்பாங்களே?"

"நான்தான்."

ஹில்டா நெத்திலியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. நானே அதையும் அடித்துவிட்டேன்.

பிறகு அவளே கேட்டாள். "உங்க கம்பெனி கேட்டுல இன்னா எழுதிகீது?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தினமும் அதன் கீழேதானே நுழைகிறேன்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

"நோ அட்மிஷன் விதவுட் பர்மிஷன். அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது."

"ஆங், இது. ரெண்டு எடத்துல 'மிஷன்' வேற வருது, மெஷினை மிஷன்னு சொல்ற எஸ்டேட்டுக்காரங்களுக்கு வாய்ல பூந்துக்கும். யாரையும் வராதேன்னு மொகத்துல அடிக்கல. அதிகாரமும் கீது, மரியாதையும் கீது. இதையே எழுதுங்க. பர்மிஷன்னு வருது பாருங்க, அதை மட்டும் கொஞ்சம் பெரிசா எழுதச் சொல்லுங்க."

சொன்னேன். லாரிக்கு நம்பர் எழுதுகிற துலுக்கானம் தகரத்தில் சிவப்பு எழுத்தில் அருமையாக எழுதிக் கொடுத்தான். இரண்டு மூலையிலும் இரண்டு பச்சைக் கிளி போட்டிருந்தான். தடை உத்தரவில் கிளி எதற்கு என்று கேட்டேன். "கிளி இல்லாம நான் எதையும் எழுதனதில்ல அண்ணாத்தே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முன்கேட்டில் போர்டை மாட்டினேன். காலனியே கூடிவிட்டது. நான் உரக்கப் படித்து, அர்த்தமும் சொன்னேன். ஒருவரும் கோபப்படவில்லை. பஞ்சவர்ணம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கிளியைப் பார்த்தாள். இங்கிலீஷின் மகிமையே மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

வேம்புலி மட்டும் தலையைச் சொறிந்தான். "அப்போ பர்மிஷன் வாங்கணும்ன்றே. யார்கிட்ட வாங்கறது சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹில்டா வந்துவிட்டாள். "நீங்க உள்ள போங்க, டீ ஆறுது. நான் சொல்லிக்கறேன்." எவ்வளவு அனுசரணை என்று பூரித்துப்போய் உள்ளே போனேன். டீ நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலை. பக்கெட்டில் தண்ணீர் இறைத்தேன். சுற்றிப் பார்த்தேன். ஒரு ஜீவன் இல்லை. ஒரு சொம்பு ஊற்றினேன். சொர்க்கம். துண்டைத் தூரத்துக் கொடியிலேயே விட்டுவிட்டு, பூசைப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டு, சோப்பை ஆசை தீரத் தேய்த்தேன். தாடியே நுரையால் முளைத்தது. என் மனை, என் கிணறு, என் முதுகு.

"அக்கா, பர்மிஷன்."

பஞ்சவர்ணத்தின் குரல். கேட்டில்தான் நின்றாள். அடக்கமாக நின்றாள்.

"இரு பஞ்சவர்ணம், தோசையத் திருப்பிட்டு வரேன்" என்றது சமையலறை ஜன்னல். "வெயில்ல ஏன் நிக்கறே, கெணத்தாண்ட நெழல்ல வந்து நில்லு."

வந்து நின்றாள். அவள் பின்னால் வேம்புலி. "பர்மிஷன் அக்கா." அவன் பின்னால் அவன் தம்பி. அப்புறம் இரண்டு நர்சுகள். அப்புறம் யார் யாரோ. முன்கேட்டில் தொடங்கிய க்யூ வளைந்து வந்து கிணற்றைச் சுற்றிக்கொண்டது. ஹில்டாவோ தோசை தோசையாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஓடிக்கொண்டே பார்த்தார்கள். இப்போது நின்று பார்க்கிறார்கள்.

எழுந்து ஓடலாம் என்றால் துண்டு கொடியில். கொடிக்கும் எனக்கும் நடுவில் க்யூ. கோவணத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு லங்கோட்டோடு குந்திக்கொண்டிருந்தேன்.

"தேமலு கொஞ்சம் அடங்கன மாதிரி கீதே சார்" என்றான் வேம்புலி, ஆறுதலாக.

"இல்லண்ணே, எடது பக்கம் பரவிகீது பாரு" என்றான் தம்பிக்காரன்.

"அதை விடுடா. அந்தத் துண்டை இப்படிக் குடுங்கப்பா" என்றேன். கொடியிலிருந்து துண்டு கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. வந்து சேரும்போது அதில் பாதி ஈரம். நர்சம்மா முகம் துடைத்திருக்கிறார்.

ஜன்னலில் ஹில்டா தோன்றினாள். தர்பார் ஆரம்பித்தது.

"எங்க போறே பஞ்சவர்ணம்?"

"வேலைக்கிக்கா."

"போய்ட்டு வா. வரும்போது சென்னாங்குன்னி எறா கெடைச்சா வாங்கியா. வேம்புலி, அருவாமனைய மறந்துடாதே. அடுத்தது யாரு?"

அப்போதுதான் குடையோடு வரதன் சார் உள்ளே வந்தார். கேட்டில் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போர்டைப் படித்திருந்தார். "வெரி குட் தாஸ். காலனியில டிஸிப்ளின் கொண்டுவந்துட்டீங்க."

"சார், நீங்க போங்க சார். உங்களுக்கு எதுக்கு பர்மிஷன்?"

"நோ, நோ. ரூல்னா எல்லாருக்கும் ரூல்" என்று க்யூவில் சேர்ந்துகொண்டார். சும்மாவும் நிற்கவில்லை. ஓவர்டைம் விவரம் முழுவதையும் ஆள் ஆளாகக் கேட்டார். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, நுரை காயக் காயப் பதில் சொன்னேன். அவர் முறை வந்ததும் ஜன்னலுக்குப் போனார். ஹில்டா ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் தலையாட்டினார். இன்னும் ஏதோ சொன்னாள். கிணற்றைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அழுத்தமாக ஒரு தடவை தலையாட்டிவிட்டுப் போனார்.

ரயில் வந்த சத்தம் கேட்டது. போன சத்தமும் கேட்டது. காலனியில் அதில் ஏறாதவன் நான் ஒருத்தன்தான்.

"இன்னா ஹில்டா இது? ஒருத்தரும் வரக்கூடாதுன்னுதானே போர்டு?"

"அப்டியா எழுதிகீது? பர்மிஷன் இல்லாம வரக்கூடாதுன்னுதானே எழுதனீங்க. யாராவது இல்லாம வந்தாங்களா? ஒவ்வொருத்தரும் நின்னு கேட்டாங்க. குடுத்தேன்."

"என்கிட்டதானே கேக்கணும்?"

"கண்ல சோப்பு போட்டுக்கினு இருக்கறவர்கிட்ட எப்டிங்க கேப்பாங்க? சரி, வரதன் சாரு நாளைக்கு வருவாரு. நீங்களே பர்மிஷன் இல்லன்னு சொல்லிடுங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு பின்கேட்டுக்கு ஓடினேன். எல்லாரும் போனதும் ஹில்டா போட்ட புதுப் பூட்டு தொங்கியது. சாவி ஹில்டாவின் இடுப்பில்.

"எங்க போறீங்க?" என்றாள்.

"வேலைக்கு."

அவள் சாவியை எடுக்காமல் நின்றாள். நானும் நின்றேன். அடுத்த ரயிலுக்கும் கைகாட்டி இறங்கிவிட்டது.

"பர்மிஷன்" என்றேன்.

"போய்ட்டு வாங்க" என்றாள்.

கம்பெனி கேட்டில், அதே போர்டின் கீழே, தலைகுனிந்து நுழைந்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் முதல் லேட். என் ஜன்னலுக்கு வெளியே வேம்புலி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் வருவதற்காகவே காத்திருந்திருக்கிறான். "நான் கரெக்ட் டைம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சிவப்புப் பேனாவை எடுத்தேன். என் பெயருக்கு நேரே என் கையாலேயே போடவேண்டும். மூடியைத் திறந்தேன். அதற்குள் வரதன் சார் கூப்பிடுவதாக ஆள் வந்தது. போச்சு, மெமோதான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"எனக்குத் தெரியும் தாஸ். உங்க மிஸஸ் காலையிலயே உங்களுக்கு லேட் பர்மிஷன் வாங்கிட்டாங்க. சனிக்கிழமை ஒரு நாள் லீவும் கேட்டாங்க. ரெண்டும் சாங்ஷன் பண்ணிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹில்டாவைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன். இவ்வளவு பேர் முன்னால் பட்ட அவமானத்துக்கு, பாவம் மனுஷன் ஒரு நாளாவது படுத்து எழுந்திருக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பதினைந்து வருஷத் தாம்பத்தியம் சும்மாவா?

"ரொம்ப தேங்க்ஸ் சார். சனிக்கிழமை ரெஸ்ட் எடுத்துக்கணும்னு சொன்னாளா சார்?"

"ரெஸ்ட்டா?" வரதன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "க்யூல நிக்கறவங்க உட்கார, கிணத்தடியில சிமெண்ட் பெஞ்சு கட்டப்போறீங்களாமே. எனக்கு முட்டி வலி தாஸ், கொஞ்சம் சாய்மானம் வச்சுக் கட்டுங்க."